மாஸ்க் அலர்ஜியா, வேற ஏதாவதா? முகத்துல எங்க வருது, எப்ப வருதுன்னு முதல்ல பாருங்க

நான் வேலை பாக்குறது ஒரு முதியோர் இல்லத்துல. சிங்கப்பூர்ல 2020 ஏப்ரல் 14ஆம் தேதிலேர்ந்து வெளிய கால் வச்சா மாஸ்க் கட்டாயம்னு ஆச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி 2023 பிப்ரவரி 13லேர்ந்து எம்ஆர்டி ரயில், பஸ்லகூட கட்டாயம் இல்லன்னு ஆயிடுச்சு, ஊரே மாஸ்க்க மறந்துபோச்சு. ஆனா எங்கள மாதிரி ஆளுங்க இன்னும் அதோடதான் இருக்கோம். நர்ஸுங்க, கிளினிக்ல இருக்கறவங்க, சமையல்கட்டுல நிக்கறவங்க, கட்டுமான இடத்துல தூசிக்கு நடுவுல நிக்கற தம்பிங்க, எல்லாருக்கும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் முகத்துல ஏதாவது ஒண்ணு ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. அதனால இந்த தடிப்பு, அரிப்பு விஷயம் எங்களுக்கு முடிஞ்சுபோன கதை இல்ல.

எனக்கு ரெண்டு கன்னத்துலயும் தாடையிலயும் அரிப்பு ஆரம்பிச்சப்ப கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, மாஸ்க் அலர்ஜி. நானும் நம்பி மூணு வகை மாஸ்க் மாத்திப் பாத்தேன், ராத்திரி அலர்ஜி மாத்திரை போட்டுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. கடைசியா டாக்டர்கிட்ட போனப்ப அவங்க கிரீம் எதுவும் எழுதல, முதல்ல ரெண்டு கேள்விதான் கேட்டாங்க: எந்த இடத்துல ஆரம்பிச்சுது, லீவு நாள்ல எப்படி இருக்கு? அப்பதான் எனக்கே உறைச்சுது, நான் ஊருக்குப் போயி ரெண்டு வாரம் மாஸ்க்கே போடாம இருந்தப்பவும் அது லேசா இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. கடைசில பாத்தா வில்லன் மாஸ்க் இல்ல, நான் வருஷக்கணக்கா போட்டுக்கிட்டிருந்த வாசனை ஃபேஸ் கிரீம். மாஸ்க் என்ன பண்ணுச்சுன்னா அந்த கிரீம் மேல மூடி போட்ட மாதிரி உக்காந்து, சூட்டுலயும் வேர்வையிலயும் அத இன்னும் ஆழமா தோலுக்குள்ள எறக்கி விட்டுச்சு. அந்த ரெண்டு கேள்விய யாராவது ஆரம்பத்துலயே கேட்டிருந்தா அஞ்சு மாசம் மிச்சமாயிருக்கும், அதனாலதான் இத எழுதுறேன்.

நம்ம பேச்சுல அலர்ஜின்னா எல்லாமே அதுக்குள்ள அடங்கிடும், பரு வந்தாலும் அலர்ஜி, வேர்க்குரு வந்தாலும் அலர்ஜி, படை வந்தாலும் அலர்ஜி. ஆனா தோல் டாக்டருக்கு அலர்ஜின்னா ஒரு குறிப்பிட்ட பொருள உடம்போட எதிர்ப்பு சக்தி எதிரின்னு முத்திர குத்தி ஞாபகம் வச்சுக்கிறது, அது மட்டும்தான். மாஸ்க்னால வர்ற தொந்தரவுல பெரும்பாலானது அது கிடையாது. இதுக்கு சிங்கப்பூர்லயே நல்ல ஆதாரம் இருக்கு. 2003ல சார்ஸ் வந்தப்ப இங்க ஆஸ்பத்திரி ஊழியர்கள் மாசக்கணக்கா என்95 போட்டாங்க இல்லையா, அத வச்சு இங்குள்ள தோல் டாக்டர்கள் 322 சுகாதார ஊழியர்கள்கிட்ட விசாரிச்சு 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வழக்கமா மாஸ்க் போட்ட 307 பேர்ல 109 பேருக்கு, அதாவது 35.5 சதவீதம் பேருக்கு, என்95னால தோல்ல ஏதோ ஒரு பிரச்சனை வந்திருக்கு. அந்த 109 பேர்ல 59.6 சதவீதம் பேர் சொன்னது பரு, 51.4 சதவீதம் பேர் அரிப்பு, 35.8 சதவீதம் பேர் தடிப்பு. முதல் இடத்துல நிக்கிறது பரு, அது அலர்ஜியே கிடையாது. கோவிட் வந்தப்ப உலகமே புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசுன விஷயம் நம்ம ஊர்ல அதுக்கு பதினாலு வருஷம் முன்னாடியே அச்சுல வந்தாச்சு.

ஏன் வருதுன்னா, மாஸ்க்குக்குள்ள ஒரு தனி வானிலை நடக்குது. வெளிய ஏற்கனவே 31, 32 டிகிரி வெயில், காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, இதுக்கு மேல நம்ம மூச்சுக்காத்தோட ஈரம் வேற. துணி துவைச்சு முடிச்சதும் விரல் நுனி எப்படி ஊறிப்போயி சுருங்கி இருக்குமோ அந்த மாதிரி முகத்துத் தோல் ஊறிப்போகுது, ஊறுன தோல மாஸ்க் ஓரம் பேசும்போதெல்லாம் உரசுது, உரசி உரசி மேல் தோலோட காவல் கொறஞ்சிடுது. இப்படி வர்ற எரிச்சலுக்கு எதிர்ப்பு சக்தியோட அந்த ஞாபகம் தேவையே இல்ல, யாருக்கு வேணா வரும், ரொம்ப நேரம் போட்டா வரும், கழட்டி வச்சு தோலுக்கு ஓய்வு குடுத்தா கொறையும். எரியுது, குத்துது, தோல் இழுக்குதுன்னு சொல்றவங்க பெரும்பாலும் இந்த வகை. உண்மையான அலர்ஜில எரிச்சல விட அரிப்புதான் தூக்கலா இருக்கும், சில சமயம் பொடிப் பொடியா நீர்க்கொப்புளம் வரும், உரசுற இடத்தத் தாண்டியும் பரவும்.

அலர்ஜிலயும் ரெண்டு கணக்கு இருக்கு, இதுதான் நிறைய பேர் தடுமாறுற இடம். ஒண்ணு போட்ட சில நிமிஷத்துலயே கொசு கடிச்ச மாதிரி திட்டுத்திட்டா வீங்கும், கழட்டுனா சில மணி நேரத்துல அடங்கிடும். இன்னொண்ணு மெதுவா வர்றது, பொருள் பட்டு ஒண்ணுலேர்ந்து மூணு நாள் கழிச்சுதான் தலை காட்டும். திங்கக்கெழம போட்ட மாஸ்க்குக்கு புதன்கெழம தடிக்கும், நம்ம என்ன நெனைப்போம், புதன்கெழம சாப்ட்ட இறாலத் திட்டுவோம். அது மட்டும் இல்ல, இந்த மெதுவான அலர்ஜி முதல் தடவையே வராது, உடம்பு அந்தப் பொருள அடையாளம் கண்டு ஞாபகத்துல ஏத்திக்கவே பத்து நாள், ரெண்டு வாரம் ஆகும், சில பேருக்கு வருஷக்கணக்குல பழகுன பொருளுக்கு திடீர்னு ஒரு நாள் வரும். அதனால 'இதத்தான ரெண்டு வருஷமா போடுறேன், அப்பெல்லாம் ஒண்ணும் வரலையே'ங்கிற வாதம் இங்க எடுபடாது. என் கிரீம் விஷயத்துல நான் அஞ்சு மாசம் ஏமாந்தது இந்த ஒரு வாதத்தாலதான்.

இப்ப இடத்துக்கு வர்றேன். கண்ணாடி முன்னாடி நின்னு நல்ல வெளிச்சத்துல பாருங்க, முடிஞ்சா போன்ல தினமும் ஒரு போட்டோ எடுத்து வைங்க. மூக்குத் தண்டு மேல குறுக்கா கோடு போட்ட மாதிரி வந்தா மூக்குக் கம்பி மேலயோ, சில என்95ல உள்பக்கம் ஒட்டியிருக்கிற பஞ்சு மேலயோ சந்தேகப்படணும். கம்பில நிக்கல் கலந்திருந்தா, நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு அங்க தடிக்கும், உலகத்துலயே ரொம்ப பேருக்கு இருக்கிற தொடு அலர்ஜி நிக்கல்தான். எங்க இல்லத்துல ஒரு அக்காவுக்கு சரியா அந்த எடத்துலதான் வந்துச்சு. அக்கா, கவரிங் கம்மல் போட்டா உங்களுக்கு ஒத்துக்குமான்னு கேட்டேன். 'எங்க தாயி, ரெண்டே நாள்ல காது சீழ் பிடிச்சிடும், அதான் தங்கத்தத் தவிர எதையும் போடுறதே இல்ல'ன்னாங்க. அவங்க முப்பது வருஷமா தெரிஞ்சு வச்சிருந்த பதில்தான் அது, மூக்கோட சேத்துப் பாக்கத் தோணல, அவ்வளவுதான். அப்புறம் டாக்டர் டெஸ்ட் பண்ணி நிக்கல்தான்னு உறுதி பண்ணாரு, இப்ப பிளாஸ்டிக் மூக்குப்பட்டி வச்ச மாஸ்க் போடுறாங்க.

காதுக்குப் பின்னால மட்டும் வந்தா நாடா மேல கண்ணு போகணும். எலாஸ்டிக் ரப்பரா இருந்தா ரப்பர பதமாக்க சேக்கற தையூரம், கார்பமேட் மாதிரி ரசாயனங்களுக்கு மெதுவான அலர்ஜி வரலாம். ஆனா அதே எடத்துல தலைச்சாயமும், மூக்குக்கண்ணாடிக் காம்பும், சரியா அலசாத ஷாம்பூவும் படும், டை அடிச்ச ரெண்டு மூணு நாள்ல காது ஓரம் ஊறல் எடுத்தா மாஸ்க்க விட டையத்தான் முதல்ல சந்தேகப்படணும். மாஸ்க் மூடுற எடம் முழுக்க, முகத்துல மாஸ்க்கோட வடிவமே பதிஞ்ச மாதிரி வந்தா துணியிலயே ஏதோ இருக்குன்னு அர்த்தம். சாதாரண மூணு அடுக்கு மாஸ்க் பாலிப்ரொப்பிலீன்ல செஞ்சது, அந்த பிளாஸ்டிக் நாருக்கே அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வம், கூட சேத்த பதப்பொருள், பசை, ஃபார்மால்டிஹைட், இதுங்கதான் வேலைய காட்டும். துணி மாஸ்க்னா கருப்பு, கருநீலம் மாதிரி அடர்த்தியான சாயம் போட்ட பாலியஸ்டர் துணி, சுருங்காம இருக்க போடுற ஃபினிஷிங், எல்லாத்துக்கும் மேல வீட்டுல ஊத்தற சலவை சோப்பும் வாசனை லிக்விடும். லிக்விட் சோப்புகள்ல இருக்கிற ஐசோதையசோலினோன் வகை பதப்பொருள் பேரு போன அலர்ஜிக்காரன்.

வாயச் சுத்தி சின்னச் சின்னக் குருவா, உதட்டு ஓரத்துல மட்டும் ஒரு கோடு விட்டு வந்தா அது வேற ஒரு தோல் நோய், அதுக்கு ஸ்டீராய்டு போட்டா முதல்ல அடங்குற மாதிரி இருந்து அப்புறம் பல மடங்கா திரும்பும். மூக்கு மடிப்புல செதில் செதிலா உதிர்ந்தா தலைப்பொடுகு குடும்பத்துச் சொந்தம். தாடையில கருப்பு முனை, வெள்ளை முனையோட வந்தா பரு. இமையில மட்டும் வீங்குனா மாஸ்க்க விட்டுட்டு நகப்பூச்சையும் முகத்துல போடுறதையும் யோசிங்க, கை அடிக்கடி கண்ணுக்குப் போகும் இல்லையா.

எல்லா கட்டுரையிலயும் 'சிவந்துபோகும்'னு போட்டிருக்கும், இத நான் தனியா சொல்லியே ஆகணும். நம்ம தோல்ல பல பேருக்கு சிவப்பு தெரியவே தெரியாது. மாநிறத்துக்கும் கருப்புக்கும் அது பழுப்பா, ஊதா கலந்த கருப்பா, சில சமயம் சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். கண்ணால பாத்து ஒண்ணும் இல்லன்னு விட்டுடாதீங்க, விரலால தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கா, சூடா இருக்கா, தோல் தடிச்சிருக்கா, அதுதான் நம்பகமான அடையாளம். டாக்டரே ஒரு பார்வை பாத்துட்டு லேசாத்தான் இருக்குன்னு சொன்னா, எவ்வளவு நாளா அரிக்குது, ராத்திரி தூக்கம் கெடுதான்னு நீங்களே எடுத்துச் சொல்லணும்.

ரப்பர் பால், அதாவது லேடெக்ஸ் அலர்ஜிய பத்தி சொல்லாம போக முடியாது. எங்க பாட்டி மலேசியாவுல, ஜொகூர்ல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. அந்த இயற்கை ரப்பர் பால்ல இருக்கிற புரதத்துக்குத்தான் நிமிஷத்துல வர்ற, ஆபத்தான வகை அலர்ஜி வரும். இப்ப பெரும்பாலான மாஸ்க் நாடா ரப்பர் பால் இல்லாத ஸ்பான்டெக்ஸ்தான், ஆனாலும் பெட்டிய பாத்து வாங்குங்க. பலூன் ஊதுனா உதடு வீங்கறவங்க, ரப்பர் கையுறை போட்டா கை தடிக்கறவங்க, வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்ட்டா வாய் ஊறல் எடுக்கறவங்க, சின்ன வயசுலேர்ந்து நிறைய ஆபரேஷன் ஆனவங்க கண்டிப்பா கவனிக்கணும், ஏன்னா அந்தப் பழங்கள்ல இருக்கிற சில புரதம் ரப்பர் பால் புரதத்துக்கு ஒறமொற மாதிரி. மாஸ்க் போட்டதும் உதடு, நாக்கு, இமை வீங்குது, மூச்சு இழுக்குது, நெஞ்சு பிடிக்குது, தலை சுத்துதுன்னா இடம், நேரம் எல்லாம் ஆராயாதீங்க, கழட்டிப் போட்டுட்டு ஆம்புலன்ஸுக்கு 995ல கூப்பிடுங்க.

மத்தபடி அவசரம் இல்லாத தடிப்புக்கு நம்ம வீட்டுல உடனே கை போறது மஞ்சளுக்கும் எலுமிச்சைக்கும். எலுமிச்சை சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா தீக்காயம் மாதிரி கருத்துப்போகும், மஞ்சளுக்கே அலர்ஜி உள்ளவங்க இருக்காங்க, டீ ட்ரீ எண்ணெய் அலர்ஜி உண்டாக்கறதுல பேர் வாங்குனது. தேங்காண்ணெய் வறண்ட கை காலுக்கு நல்லதுதான், பரு வர்ற முகத்துல பூசி மேல மாஸ்க் போட்டா துவாரம் அடைக்கும். இதெல்லாம்கூட பரவால்ல, எனக்கு உண்மையாவே பயம் ஊர்லேர்ந்து பெட்டில வர்ற டியூப் கிரீம்கள் மேலதான். அக்கா போட்டாங்க, ரெண்டே நாள்ல போயிடுச்சுன்னு கை மாறி கை மாறி வரும், அதுல பலதுல வீரியமான ஸ்டீராய்டோட பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாம் ஒண்ணா கலந்திருக்கும். ரெண்டு நாள்ல அடங்கும், நிறுத்துனா திரும்பும், திரும்பப் போடுவோம், கடைசில முகத்துத் தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிஞ்சு, அந்த கிரீம் இல்லாம இருக்கவே முடியாத நிலைக்கு வந்துடும். இந்தியாவுல தோல் டாக்டர்கள் இதுக்குன்னே தனியா ஒரு பேர் வச்சு பல வருஷமா எச்சரிச்சுக்கிட்டிருக்காங்க. முகத்துக்கு டாக்டர் லேசான ஸ்டீராய்டு கொஞ்ச நாளுக்கு எழுதுனா அது சரியான வைத்தியம்தான், அளவும் நாளும் அவங்க சொன்னபடி போடுங்க. அப்புறம் அலர்ஜி மாத்திரை நிமிஷத்துல வர்ற வகைக்குத்தான் கேக்கும், மெதுவான வகைக்கு பெருசா கேக்காது, எனக்கு அது வேலை செய்யாததுக்கு அதான் காரணம்.

இன்னதுதான் ஒத்துக்கலன்னு உறுதியா தெரியணும்னா பேட்ச் டெஸ்ட் பண்ணணும். பாலிகிளினிக்ல, அதாவது அரசாங்க மருந்தகத்துல, டாக்டர்கிட்ட போயி கடிதம் வாங்கிக்கிட்டுப் போனா மண்டலே ரோட்ல இருக்கிற நேஷனல் ஸ்கின் சென்டர் மாதிரி இடத்துல மானியக் கட்டணத்துல பாக்கலாம். முதுகுல சின்னச் சின்ன வில்லையா பல பொருள ஒட்டி விடுவாங்க, ரெண்டு நாள் அப்படியே இருக்கணும், எடுத்துப் பாத்துட்டு மறுபடி ரெண்டு நாள் கழிச்சு பாப்பாங்க, ஏன்னா இது மெதுவா வர்ற ஆளாச்சே. அந்த நாள்கள்ல முதுகு நனையக்கூடாது, வேர்க்கவும் கூடாது, நம்ம ஊர் சூட்டுல அதுதான் பெரிய சோதனை, நான் முழு நேரமும் ஃபேன் கீழயே கெடந்தேன். போகும்போது நீங்க போடுற மாஸ்க்க புதுசா ரெண்டு, அதோட பெட்டி, முகத்துல போடுற கிரீம், துணி சோப்பு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, தேவப்பட்டா மாஸ்க்லேர்ந்து ஒரு துண்டு வெட்டி அதையும் ஒட்டிப் பாப்பாங்க. இறால், முட்டைன்னு நீளமா பட்டியல் போட்டுத் தர்ற ரத்த டெஸ்ட் இந்த விஷயத்துக்கு உதவாது, அதுக்கு காசு செலவு பண்ணாதீங்க.

தடுக்கறதுக்கு நான் பழகிக்கிட்டது சாதாரண விஷயம்தான். பையில மூணு மாஸ்க் இருக்கும், நனைஞ்சா மாத்திடுவேன், நேரக்கணக்கு பாக்கறதில்ல. வேலைக்குக் கெளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் லேசா, மாஸ்க் மூடுற எடத்துல பவுடர், ஃபவுண்டேஷன் எதுவும் கிடையாது. முகம் கழுவுறது நுரை கம்மியான, வாசனை இல்லாத சோப்புல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல இல்ல, அழுத்தித் தேய்க்கறதும் இல்ல. புதுசா எந்த கிரீம் வாங்குனாலும் முழங்கை உள்பக்கம் ஒரு வாரம் தினம் ரெண்டு வேளை போட்டுப் பாத்துட்டுத்தான் முகத்துக்கு. துணி மாஸ்க் போடறவங்க வெளிர் நிறப் பருத்தியா வாங்கி, போடறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ துவைச்சிடுங்க, துணிய மிருதுவாக்கற லிக்விடும் பிளீச்சும் வேண்டாம், தண்ணியில கூட ஒரு தடவ அலசுங்க. காது வலிச்சா தலைக்குப் பின்னால கட்டுற வகை இருக்கு, இல்ல ரெண்டு நாடாவையும் பின்னால மாட்டுற கொக்கி இருக்கு, டூடோங், அதாவது தலைமுக்காடு, போடற எங்க மலாய் தோழிங்க அத எப்பவோ பழகிட்டாங்க.

என்95 போடறவங்க மட்டும் இன்னொண்ணு கவனிக்கணும். வேஸ்லின தடவிட்டுப் போடறது, உள்ள துணி மடிச்சு வைக்கறது, மூக்குல டேப் ஒட்டுறது, இதெல்லாம் ஓரத்துல இடுக்கு விட்டுடும், அப்புறம் அந்த என்95 போட்டும் பிரயோஜனம் இல்ல. மூக்குக்கு சிலிக்கான் டேப் வேணும்னா போட்டபடியே திரும்ப ஃபிட் டெஸ்ட், அதாவது மாஸ்க் இடுக்கில்லாம பொருந்துதான்னு பாக்கற சோதனை, பண்ணச் சொல்லி கேளுங்க.

வேலை எடத்துல சொல்ல தயங்காதீங்க. வேலையால வர்ற தோல் நோய் மனிதவள அமைச்சுக்கு தெரியப்படுத்த வேண்டிய தொழில்சார் நோய்ங்கள்ல ஒண்ணு, அதனால டாக்டர் கடிதத்தோட போயி வேற வகை மாஸ்க் கேக்கறது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. குறிப்பா டார்மிட்டரில, அதாவது வெளிநாட்டு ஊழியர் விடுதில, இருக்கிற தம்பிங்க, தூசிக்குப் போடுற ரப்பர் முகமூடி கருப்பா பட்டையா பதிஞ்சு அரிக்குதுன்னா, வேலை போயிடும்னு மறைச்சு மறைச்சு சொறிஞ்சுக்கிட்டே இருக்காதீங்க. சிலிக்கான்ல செஞ்சதும் இருக்கு, சூபர்வைசர்கிட்ட அந்தப் பேர சொல்லியே கேளுங்க.

தடிப்பு போன பிறகு அந்த எடம் கருத்து நிக்கும், நம்ம தோல்ல அது போக மாசக்கணக்கு ஆகும், எனக்கு தாடையில இப்பதான் மங்குது. அந்தக் கருப்பப் பாத்து இன்னும் சரியாகலன்னு நெனச்சு மருந்த தொடர வேண்டாம், அரிப்பும் சொரசொரப்பும் போயிடுச்சுன்னா நோய் போயிடுச்சு, வாசனை இல்லாத சன்ஸ்கிரீன் போட்டு வெயில் படாம பாத்துக்கிட்டா போதும். ஆன்லைன்ல விக்கற வெளுக்கற கிரீம் பக்கம் மட்டும் போகாதீங்க, பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருக்குன்னு சிங்கப்பூர்ல மருந்துகள கண்காணிக்கற எச்எஸ்ஏ திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டது அந்த மாதிரி கிரீம்களுக்குத்தான்.